சிரட்டைக்குக் கீழே ஒரு குதிரைக்காரன்

வேண்டுதலுக்குக் காசு முடிவதற்குச் சேந்தன்வலசையில் ஒரு முறை உண்டு. கெட்ட செய்தி காதில் விழுந்த இடத்தைவிட்டுக் கால் பெயர்வதற்கு முன்னால், ஒரு காசை எடுத்து, ஊர்க்காவல் தெய்வமான முன்னோடிக் கருப்பரை நினைத்து, துணியில் வைத்து முடிந்துவிட வேண்டும். துணிக்கு மஞ்சளைப் பிறகு பூசிக்கொள்ளலாம். முடிந்தவள் தன் கையால் முடிச்சை அவிழ்க்கக் கூடாது. உள்ளே இருக்கும் காசை எடுத்துவிட்டு வேறு காசு வைக்கவும் கூடாது. ஆபத்து நீங்கிய பின் முடிச்சோடு கொண்டுபோய்க் கருப்பரின் காலடியில் சேர்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், எந்த உயிருக்காக முடியப்பட்டதோ அந்த உயிருக்கே கேடு. பூமயில் இதை நம்பினாள் என்று சொல்வதுகூடச் சரியாகாது. நெருப்புச் சுடும் என்று தெரிந்திருப்பதைப் போல இதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

காசு இல்லாத காலம் ஒன்று வரும் என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று. டீக்கடையிலும் மளிகைக்கடையிலும் ஒட்டியிருக்கிற அட்டைக்கு நேரே போனைக் காட்டினால் போதும். கூடையில் மீன் கொண்டுவருகிறவள்கூடக் கழுத்தில் அந்த அட்டையை மாட்டிக்கொண்டு வருகிறாள். பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையில் வெற்றிலையும் பாக்கும் இருக்கும்; காசு இருக்காது.

அந்த ஆண்டு முண்டு மிளகாயைப் பறித்துக் களத்தில் காயவைத்து மூட்டை பிடித்ததும், ஊர்ப் பெண்கள் ஓட்டுமேட்டுக்கு வேலைக்குப் போனார்கள். ஊருக்கும் கடலுக்கும் நடுவே, ஆற்றுவாயின் தென்கரையில் இருக்கும் திடல் அது. எங்கே மண்வெட்டி போட்டாலும் பானை ஓடு கிடைப்பதால் அந்தப் பெயர். அரசாங்கத்துத் தொல்லியல் துறையார் சீமைக்கருவேலை வெட்டி அப்புறப்படுத்தி, கயிறு பிடித்து, சதுரம் சதுரமாகக் குழிகள் தோண்டினார்கள். ஆண்கள் வெட்டிய மண்ணைப் பெண்கள் சட்டியில் சுமந்து மேலே கொண்டுவந்து சல்லடையில் சலிக்க வேண்டும். சித்திரை வெயில் தலையில் இறங்க, கச்சான் காற்று சலித்த புழுதியை அப்படியே முகத்தில் திருப்பியடித்தது. பெண்கள் மூக்கும் வாயும் மறைய முக்காடிட்டுக் கண்களை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். முக்காட்டையும் மீறி வெளியே வந்த குரல் நாகலெட்சுமியினுடையது.

அவள் பூமயிலுக்கு முறையில் மதினி. நாகலெட்சுமியின் புருஷன் இறந்த பிறகு, அடுத்தடுத்த வீட்டில் இருந்த இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அடுப்பு என்று ஆகிவிட்டது. வேலைக்குப் போவதும் சேர்ந்துதான், திரும்புவதும் சேர்ந்துதான்.

"ஏத்தா பூமயிலு, இந்த ஓட்டுச் சில்ல அவுக பொறுக்கிப் பொறுக்கிப் பையில போடுறதப் பாத்தியா? பானைய ஒடச்சதுக்கு எங்க மாமியா என்னைய ஊரக் கூட்டிப் பேசுச்சு. அந்த ஓட்டயெல்லாம் பத்திரமா வச்சிருந்தா இன்னக்கி நானும் ஒரு மியூசியம் தெறந்திருப்பேன்."

குழிக்குப் பொறுப்பாக இருந்த ஜஸீலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கீழக்கரைப் பெண்; ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறவள்; வயது பூமயிலின் மகளைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கலாம். "நாகலெட்சுமியக்கா, பேச்சக் கொறச்சுக்கிட்டு மண்ணப் பாருங்க."

"கண்ணு மண்ணத்தாம்மா பாக்குது. வாய்க்கு என்ன வேல குடுத்திருக்கீக? அதுக்கும் ஒரு குழியத் தோண்டிக் குடுங்க."

சொல்லிக்கொண்டே குழியின் அடியில் தூரிகையால் மண்ணைத் தள்ளியவள் திடுமென்று நிறுத்தினாள். "இந்தா பாருங்க, பச்சையா ஒரு பொத்தான் கெடக்கு."

"தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஜஸீலா ஏணியில் இறங்கினாள். மண்டியிட்டு வாயால் ஊதினாள். சட்டைப் பொத்தான் அளவுகூட இராது. செம்பில் களிம்பேறிப் பாசி நிறத்தில் இருந்தது. ஜஸீலாவின் முகம் நோன்புப் பெருநாள் பிறையைக் கண்டதுபோல மலர்ந்தது. "காசுக்கா. ரோமாபுரிக் காசு. கப்பல்ல வந்தது. அளவெடுத்துப் படம் பிடிக்காம எடுக்கக் கூடாது. கேமரா சார்கிட்ட இருக்கு, அவரு வழியில வாராரு." மேலே கிடந்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றை வாங்கி அதன்மேல் கவிழ்த்தாள். "சார் வார வரைக்கும் நீங்க இங்கனயே இருங்கக்கா. கோழி முட்டையில உக்காந்த மாதிரி."

"உக்காந்துட்டாப் போச்சு. குஞ்சு பொரிச்சா எனக்கு ஒண்ணு தரணும்."

பூமயில் குழியின் மேல்விளிம்பில் நின்றாள். சிரட்டை கவிழ்வதற்கு முன், சாய்வாக விழுந்த வெயிலில் அவளுக்கு அந்தக் காசின் முகம் தெரிந்தது. முதலில் ஒரு குதிரை. குதிரையின்மேல் ஒருவன். ஒரு கையை உயர்த்தியிருந்தான். அவனை ஒட்டிச் சாய்வாக ஓர் ஈட்டி. மீதிப் பக்கத்தைக் களிம்பு மூடியிருந்தது. வேறு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. உடைமரத்தடியில் குதிரையேறி, ஈட்டியோடு சுதையில் நிற்கும் முன்னோடிக் கருப்பரை அவள் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறாள். சுமந்திருந்த சட்டியை இறக்காமலே ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

டீ கேன் வந்தது. ஜஸீலாவும் மற்றவர்களும் கூடாரத்து நிழலுக்குப் போனார்கள். நாகலெட்சுமி சிரட்டைக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு பூமயில் குழிக்குள் இறங்கியபோது போன் அடித்தது. கணவன் செல்லச்சாமிதான். கர்ப்பிணி மகள் கவிப்ரியாவை மாதாந்திரப் பரிசோதனைக்காகக் காலையில் அவன்தான் இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தான்.

"இந்தா, பிள்ளைக்கு ஜன்னி வந்திருச்சு. பிரஷர் ஏறிப்போச்சாம். கண்ணு மேல போயிருச்சு. இப்பவே அறுத்து எடுக்கணும்ங்கிறாக. மாசம் பத்தலையே… நீ வா, சுருக்கா வா."

டீ கையிலிருந்து விழுந்தது. அவள் சொன்னதைக் கேட்டதும் நாகலெட்சுமி துள்ளி எழுந்தாள். "மேஸ்திரி காளிராசு வண்டி ரோட்டுல நிக்கிது. நான் ஓடிப்போயிக் கூட்டியாரேன். நீ இங்கனயே நில்லு, எங்கிட்டும் விழுந்து தொலைச்சிராத!" என்று ஏணியில் ஏறி ஓடினாள். பருத்த உடம்பு, மேட்டில் ஏறும்போது ஒரு முறை சறுக்கி முழங்காலில் விழுந்து எழுந்து மறுபடியும் ஓடினாள்.

பூமயில் நின்ற இடத்திலேயே நின்றாள். கால் பெயரக் கூடாது. சுருக்குப்பையைப் பிரித்துக் கவிழ்த்தாள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா. உதறிப் பார்த்தாள். மகளின் கண்கள் மேலே போன காட்சி, அவள் பார்க்காத அந்தக் காட்சி, அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. குனிந்தால் கை எட்டும் தூரத்தில் சிரட்டை இருந்தது.

அவள் திருடுகிறோம் என்று நினைக்கவில்லை. கேட்கும் நேரத்தில் குதிரையேறி வந்து நிற்கிறார் என்று நினைத்தாள். காசை எடுத்தாள். அதன் மறுபுறத்தில் ஒரு தலை இருந்தது. நெற்றியைச் சுற்றி முத்துப் பட்டை, பிடரியில் தொங்கும் நாடா, மீசை இல்லை. அது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. முந்தானை ஓரத்தைப் பல்லால் கிழித்துக் காசை வைத்து இறுக்கி முடிந்தாள். சிரட்டையை இருந்தபடியே கவிழ்த்து வைத்தாள்.

சிரட்டையை ஏன் திரும்பக் கவிழ்த்து வைத்தோம் என்ற கேள்வி பிற்பாடு அவளை நிறையவே படுத்தியது. சாமி கொடுத்ததை வாங்குகிறவள் வெற்றுச் சிரட்டையை மூடிவைப்பானேன்?

*

பெண் குழந்தை. முதுகு பூமயிலின் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் கொடுத்திருந்தார்கள். கவிப்ரியாவுக்கு மறுநாள்தான் நினைவு சரியாகத் திரும்பியது. அவள் முதலில் பிள்ளை எங்கே என்று கேட்டாள், பிறகு, "எம் பிள்ளைக்குக் காசு முடிஞ்சியாம்மா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிருக்கேன் ஆத்தா. நின்ன எடத்துலயே முடிஞ்சிட்டேன்."

அன்று பகல் பன்னிரண்டு மணி பஸ்ஸில் நாகலெட்சுமி வந்தாள். தூக்குவாளியைத் திறந்ததும் வார்டு முழுவதும் பூண்டும் மிளகும் மணத்தன. "பால்சுறாப் புட்டு. மண்டபத்துக்காரிகிட்ட சொல்லிவச்சு வாங்குனேன். இதத் தின்னாத்தான் பாலு ஊறும். பெட்டிக்குள்ள கெடந்தாலும் பிள்ளைக்குப் பாலுதானே வேணும்? வாயத் தெற கண்ணு." கவிப்ரியாவுக்குக் கையால் ஊட்டினாள். அவளுடைய முழங்காலில் துணி சுற்றியிருந்தது.

"இன்னக்கி வேலைக்குப் போகலையா மதினி?" என்று பூமயில் கேட்டாள்.

"அதயேன் கேக்குற." நாகலெட்சுமி வராந்தாவுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். "சிரட்டையத் தூக்குனா கோழியும் இல்ல, முட்டையும் இல்ல. காசக் காணோம். கேமராவத் தூக்கிக்கிட்டு வந்த ஆபீசர் அப்படியே நிக்கிறாரு. ஒன்னைய யாரு எந்திரிச்சுப் போகச் சொன்னாங்கிறான் காளிராசு. மகளுக்கு ஜன்னின்னு ஒருத்தி நெலகுத்தி நிக்கிறா, நான் சிரட்டையக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கவாடான்னு கேட்டேன். சோதிச்சாகடி பூமயிலு. ரெண்டு பொம்பளைய விட்டு, கூடாரத்துக்குள்ள வச்சு, சேலைய உதறச் சொல்லி…" அவள் நிறுத்தினாள். நாகலெட்சுமி பாதியில் பேச்சை நிறுத்திப் பூமயில் கண்டதில்லை. "நான் உதறுனேன். வெத்தலக் காம்பு விழுந்துச்சு. இது எந்த ராசாவோட காம்புன்னு கேட்டேன். ஒருத்தியும் சிரிக்கல."

பூமயிலின் இடுப்பில் முடிச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் வாங்கிய மஞ்சளைக் குழைத்துப் பூசியிருந்தாள். ஈரம் இன்னும் காயவில்லை. அந்த ஈரம் தோலில் படுவதை உணர்ந்தபடி, "ஒங்கள வேலைக்கு வர வேண்டாம்னுட்டாகளா?" என்று கேட்டாள்.

"கண்டுபிடிக்கிற வரைக்கும் வராதேன்னிருக்காக. எனக்கு அது பெருசில்ல. இப்ப வாரப்ப பஸ்ஸுல எம் பக்கத்துல உக்காந்திருந்த மேலத்தெருக்காரி பைய எடுத்து மடியில வச்சுக்கிட்டா. அதுதான்." எழுந்து தூக்குவாளியை மூடினாள். "சரி விடு. ஒனக்கு இருக்குற பாட்டுக்கு நடுவுல இது ஒரு பேச்சு. நாளைக்கு என்ன கொண்டாரட்டும்? கருவாட்டுக் கொழம்பு வைக்கவா?"

சொல்லிவிட அப்போது ஒரு வாய்ப்பு இருந்தது. பூமயில் வாயைத் திறந்தாள். எதிர் அறையின் கண்ணாடிக்கு அப்பால் பிள்ளையின் நெஞ்சு பறவைக்குஞ்சின் நெஞ்சைப் போல ஏறி இறங்கியது. சொன்னால் காசைக் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டுமானால் அவிழ்க்க வேண்டும்.

"கொழம்பே வைங்க மதினி" என்றாள்.

நாகலெட்சுமி போன பிறகு கணவனிடம் கேட்டாள். "ஏங்க, முடிஞ்ச காச நடுவுல அவுத்தா என்னங்க ஆகும்?"

செல்லச்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "கூறுகெட்டவளே, பிள்ள பெட்டிக்குள்ள கெடக்கையில கேக்குற கேள்வியா இது?"

அதன் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. நாகலெட்சுமி நாள்தோறும் வந்தாள், நாள்தோறும் ஊட்டினாள். அவள் கொண்டுவந்த சோற்றைப் பூமயில் தானும் தின்றாள். தின்னாவிட்டால் ஏன் என்று கேட்பாள் என்பதற்காகத் தின்றாள்.

*

கமுதியிலிருந்து சம்பந்தியம்மாள் வந்து மருமகளுக்குத் துணையிருக்க ஒப்புக்கொண்டதும், பூமயில் வேலைக்குத் திரும்பினாள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று பயந்தாள். போனால் அந்தக் குழியைப் பார்க்க வேண்டுமே என்றும் பயந்தாள். குழிக்குள் நாகலெட்சுமி உட்கார்ந்திருந்த இடத்தில் சிரட்டை அப்படியே கிடந்தது.

ஜஸீலா மெலிந்திருந்தாள். இடைவேளையில் பெண்களை உட்காரவைத்துத் தன் கைக்கணினியில் ஒரு படத்தைக் காட்டினாள். "நம்மகிட்ட காணாமப் போனது இந்த வகைதான். இது நல்லாக் கழுவுன காசு, வேற எடத்துல எடுத்தது. மண்ணோட மண்ணா விழுந்து கெடக்கலாம். சலிக்கும்போது இந்தப் படத்த மனசுல வச்சுக்கிட்டுப் பாருங்க. கெடச்சிருச்சுன்னா ஒருத்தரும் யாரையும் எதுவும் சொல்ல மாட்டோம்."

"அட, நம்ம முன்னோடி மாதிரியில்ல இருக்கு! குதிரையும் அவரும்" என்றாள் கோகிலா, பக்கத்துக் குழிக்காரி.

பூமயில் படத்தையே பார்த்தாள். அங்கே இரண்டு பேர் இருந்தார்கள்.

"இல்லக்கா, எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க" என்றாள் ஜஸீலா. "நல்லாப் பாருங்க. குதிரை முட்டி போட்டு விழுந்து கெடக்கு. இந்தா, பக்கத்துல தலைக்கவசம் போட்டு நிக்கிறான் பாருங்க, அவன்தான் ரோமாபுரிப் படைவீரன். ஈட்டி அவன் கையிலதான் இருக்கு. குதிரைக்காரன் தோத்தவன். அவன் கீழ விழுந்துக்கிட்டிருக்கான்."

"அப்ப அவரு கையத் தூக்கி நிக்கிறது?" என்று பூமயில் கேட்டாள்.

"அடிக்கிறதுக்கு இல்லக்கா. திரும்பிப் பாத்துக் கையத் தூக்குறான். கொல்லாதேன்னு கெஞ்சுறான்."

கோகிலா உச்சுக்கொட்டினாள். "பாவம். விழுறவனப் போயிக் காசுல போட்டு ஊரெல்லாம் அனுப்பியிருக்காக."

பூமயில் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். மண்ணைக் கொட்டிவிட்டு மேட்டின் மறுபுறம் போய் உட்கார்ந்தாள். களிம்புக்குள் மறைந்திருந்த அந்த இன்னொருவனை அவள் அதுவரை நினைத்ததே இல்லை. தன் பேத்தியின் உயிரை யாரிடம் ஒப்படைத்தோம்? குத்துகிறவன் கருப்பர் அல்ல. குத்துப்படுகிறவனும் கருப்பர் அல்ல. ஈட்டிக்குக் கீழே கிடந்து உயிருக்குக் கெஞ்சுகிற யாரோ ஒருவனை முடிந்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனிடம் அவள் இத்தனை நாளும் பிள்ளையைக் காப்பாற்று என்று கெஞ்சியிருக்கிறாள். அந்தக் கெஞ்சும் கையை நினைத்தபோது, அவளுக்குப் பிள்ளையின் முகம் வரவில்லை. கூடாரத்துக்குள் சேலையை உதறி நின்ற நாகலெட்சுமியின் முகம் வந்தது.

ஆயினும் முடிச்சு முடிச்சுதான். உள்ளே இருப்பவன் யாராக இருந்தாலும், முடியும்போது அவள் சொன்ன பெயர் கருப்பருடையது. அவிழ்க்க அவளால் முடியவில்லை.

மாலையில் மேஸ்திரி காளிராஜ் எல்லாரையும் நிறுத்தினான். "இந்தா பாருங்கம்மா. நாளக் கழிச்சுப் போலீசுக்கு எழுதுறோம்னு ஆபீசர் சொல்லிட்டாரு. ஊருக்குள்ள போலீசு வந்தா அசிங்கம். நாளைக்கு வெள்ளி. உச்சிக்குக் கருப்பர் கோயில்ல இந்தக் குழியாளுக அம்புட்டுப் பேரும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிருவோம். எடுத்தவ எவளோ அவளக் கருப்பர் பாத்துக்கிருவாரு. நாகலெட்சுமியும் வாரேன்னுட்டா." பிறகு பூமயிலைப் பார்த்தான். "ஒனக்குத் தீட்டு. பிள்ளை பொறந்து முப்பது கழியல. நீ கோயில் எல்லைக்கல்லத் தாண்டக் கூடாது. ஒன்னைய விட்டாச்சு."

விட்டாச்சு என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு உடம்பு லேசானது. பொய்ச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. உண்மையைச் சொல்ல வேண்டியதும் இல்லை. நாகலெட்சுமி உண்மையைச் சத்தியம் செய்வாள். அவளுக்கு எந்தக் கேடும் வராது. ஊரார் வாயும் அடங்கும். எல்லாம் தானாகவே சரியாகிவிடும் என்று ஒரு கணம் மகிழ்ந்தாள். மகிழ்ந்த மறுகணமே, இவ்வளவுக்குப் பிறகும் மகிழத் தெரிந்த தன் நெஞ்சை அவள் அருவருத்தாள்.

*

வெள்ளிக்கிழமை உச்சி. குடையாகக் கவிந்த உடைமரத்தின் நிழல் கருப்பரின் பீடத்தை மட்டுமே மூடியது. பெண்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஜஸீலா தள்ளி, வேலி ஓரம் நின்றாள். இந்தச் சத்தியத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவளுக்கும் வேறு வழி இல்லை. பூமயில் எல்லைக்கல்லுக்கு இப்பால் நின்றாள்.

பூசாரி செப்புத்தட்டில் சூடத்தைக் கொளுத்தினார். ஒவ்வொருத்தியாக வந்து, "நான் எடுக்கல, எடுத்தவளையும் எனக்குத் தெரியாது" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். கோகிலா சூடு பட்டதும் கையை உதறினாள், யாரோ சிரித்தார்கள். கடைசியாக நாகலெட்சுமி வந்தாள். அவள் மட்டும் தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டும் கூந்தலை முடியாமல் வந்திருந்தாள். கருப்பரை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னாள். ஓங்கி அடித்தாள். சூடம் அணைந்தது.

திரும்பி நடக்க வேண்டியவள் நின்றாள். "பூசாரிண்ணே, இன்னொரு சூடம் வைங்க."

"எதுக்கு?"

"பூமயிலுக்கு. அவளும் இந்தக் குழியாளுதான். நான் வண்டிக்கு ஓடுனப்ப அங்கன நின்னவ அவ ஒருத்திதான். இன்னக்கி என்னையச் சொன்ன வாயி நாளைக்கி அவளச் சொல்லும். அவளுக்குத் தீட்டு, வர முடியாது. அவளுக்கும் சேத்து நான் அணைக்கிறேன்."

"ஏம்மா, அடுத்தவளுக்கு அணைக்கிறது சும்மா இல்ல. பொய்யாப் போச்சுன்னா ஒங் கையில்ல வெளங்காமப் போகும்" என்றார் பூசாரி.

"போகட்டும். எனக்கு அவளத் தெரியாதா? மகளுக்கு ஜன்னின்னு கேட்டுட்டு நிக்கிறவளுக்குக் காசா கண்ணுல தெரியும்?"

பூசாரி சூடத்தை வைத்தார். தீக்குச்சி உரசும் ஓசை எல்லைக்கல் வரைக்கும் கேட்டது. சூடம் பற்றியது. நாகலெட்சுமி கையை உயர்த்தினாள். மிளகாய்ச் செடியில் பாடுபட்டு, விறகு வெட்டி, கவிப்ரியாவுக்கு ஊட்டிய கை. பூமயிலுக்கு அந்தக் கையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

எல்லைக்கல்லைத் தாண்டியது அவளுக்கு நினைவில்லை. "தீட்டு, தீட்டு!" என்று பெண்கள் விலகியது மட்டும் கேட்டது. ஓடிவந்து மதினியின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். தட்டு கவிழ்ந்து சூடம் மண்ணில் விழுந்து எரிந்தது.

"அணைக்காதீக மதினி! நான்தான் எடுத்தேன். நான்தான் எடுத்தேன்!"

காளிராஜ் என்னவோ சொல்ல வாயெடுத்தான். நாகலெட்சுமி அவனைக் கையமர்த்தினாள்.

"எங்க?" என்றாள்.

பூமயில் இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்து நீட்டினாள். "கையில காசு இல்ல மதினி. முடியணும். நின்ன எடத்துலயே முடியணும். குதிரையில சாமி இருக்குன்னு நெனைச்சேன்."

"நான் வண்டிக்கு ஓடுனேனே, அப்பவா?"

"ஆமா."

"ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒங்கிட்டச் சொன்னேனே. சேலைய உதறச் சொன்னாகன்னு. அப்ப இது ஒன் இடுப்புல இருந்துச்சா?"

பூமயில் தலையசைத்தாள்.

நாகலெட்சுமி அந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்தாள். அடிப்பாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பூமயில் அதற்காகக் காத்து நின்றாள். அவள் அடிக்கவில்லை. முடிச்சைப் பிடுங்கிக்கொண்டாள்.

"முடிஞ்சவ அவுக்கக் கூடாது" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கருப்பர் பக்கம் திரும்பினாள். "அய்யா, இத அவ அவுக்கல. நான் அவுக்குறேன். கேக்குறதா இருந்தா என்னையக் கேளு. அந்தப் பச்சமண்ணு பக்கம் போகாத." இறுகிக் கிடந்த முடிச்சு நகத்துக்கு மசியவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். வேலி ஓரத்துக்குப் போய் ஜஸீலாவின் உள்ளங்கையில் காசை வைத்தாள். மஞ்சள் படிந்திருந்த காசின்மேல், முகம் தெரியாத அந்தக் குதிரைக்காரன் இன்னும் கையைத் தூக்கியபடியே இருந்தான்.

ஜஸீலா கையை மூடிக்கொண்டாள். பூமயிலை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. "போலீசுக்கு எழுத வேணாம்னு நான் சார்கிட்டச் சொல்றேன்க்கா. நீங்க… வேலைக்கு வர வேணாம்." பிறகு நாகலெட்சுமியிடம், "நாகலெட்சுமியக்கா, எங்களையும் மன்னிச்சிருங்க" என்றாள்.

"நீங்க வேலையப் பாத்தீக" என்றாள் நாகலெட்சுமி. காலி மஞ்சள் துணியைப் பூமயிலின் தோளில் போட்டாள். மெல்லிய குரலில்தான் பேசினாள்; ஆனாலும் அது எல்லாருக்கும் கேட்டது. "கவிக்குச் சோறு வரும். அது நான் கொண்டுபோறது. நீ எங்கிட்டப் பேசாத."

*

மறுநாள் பன்னிரண்டு மணி பஸ்ஸில் கூட்டம் அதிகம் இல்லை. நாகலெட்சுமி தூக்குவாளியோடு முன்வாசல் வழியாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பூமயில் பின்வாசல் வழியாக ஏறினாள். பெட்டியை விட்டுப் பிள்ளையை எடுத்துத் தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கிறார்கள் என்றும், ஒரு வாய் பால் குடித்தது என்றும், இரண்டாம் வாயைக் கக்கிவிட்டது என்றும் சம்பந்தியம்மாள் காலையில் போன் செய்திருந்தாள். அந்தச் செய்தியை யாரிடம் முதலில் சொல்ல ஓடுவாளோ, அவளுடைய பின்தலை ஐந்தாறு இருக்கைகளுக்கு முன்னால் தெரிந்தது.

அந்தத் தடத்தில் நெடுநாளாக ஓடும் கண்டக்டர், நாகலெட்சுமியிடம் வந்து வழக்கம்போல இரண்டு சீட்டைக் கிழித்தார். "என்னம்மா, ஒங்க நாத்துனா பின்னால நிக்கிறாக, நீங்க முன்னால உக்காந்திருக்கீக? சண்டையா? இந்தாங்க, ரெண்டு பேருக்கும்."

நாகலெட்சுமி ஒரு சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"அவுகளுது அவுககிட்டக் குடுங்க" என்றாள்.

கண்டக்டர் பின்னால் வந்து மற்றச் சீட்டை நீட்டினார். பூமயில் வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நாகலெட்சுமி இறங்கி, முழங்கால் வலியோடு சற்றுச் சாய்ந்து நடந்தாள். வாளியை வாங்கிச் சுமக்க முன்னே நீண்ட கையைப் பூமயில் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, அவள் வாசலைக் கடந்து உள்ளே போகும்வரை வெயிலில் நின்றாள்.